நுனி ஒடித்த வெண்டைக்காய்

அந்த நோட்டீஸை மடிச்சு ஓரமா வைங்க அம்மிணி. முதல்ல உக்காருங்க. குடி வந்து ஒரு வாரங்கூட ஆகல, அதுக்குள்ள உங்க கதவு இடுக்குலயும் சொருகிட்டாங்களா? "நம் குடியிருப்பு நல்லுணவுக் கூட்டுறவு. நியாயமான விலை, நேர்மையான காய்." படிக்கறப்பவே எனக்கு வாய் கசக்குது. சேரலாமா வேண்டாமான்னு என்னைக் கேக்க வந்தீங்க பாருங்க, சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. அது மொளைச்சதையும் பார்த்தவன் நான், அழுகினதையும் பார்த்தவன் நான்.

சுலோச்சனா, எதுத்த ஊட்டு அம்மிணி வந்திருக்குது பாரு, காப்பி போடு.

என்ற பேரு சென்னியப்பன். இங்க பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுல கோன் செக்கிங்ல இருந்து ரிட்டயர் ஆனவனுங்க. கோன்னா தெரியுமில்ல, நூல் சுத்தின கூம்பு. ஒவ்வொரு கோனா கையில எடுத்து, உருட்டி, நூலை இழுத்துப் பார்த்து, அறுந்தா ஒதுக்கணும். அதுதான் வேலை. நான் ஒதுக்கினதை மேனேஜரே வந்தாலும் திருப்பி உள்ள வைக்க முடியாது. அந்தக் கையுங்க இது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு, தலையில கட்டற காயைப் பேசாம வாங்கிட்டு வான்னா நான் எப்படி வருவேன்?

மூணாவது மாடியில ஆதிரைன்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. எங்க போனாலும் தோள்ல ஒரு துணிப்பை, முகத்துல ஒரு சிரிப்பு. அதுதான் இதை ஆரம்பிச்சுது. வீடு வீடா வந்து பேசுச்சு. "அங்கிள், தோட்டத்துல வெளையறவங்களுக்கு மண்டியில கிடைக்கறதைவிடக் கூடத்தான் கொடுக்கப் போறோம். ஆனாலும் நமக்குக் கடை விலையைவிடக் கம்மியா வரும். நடுவுல யாரும் இல்ல. நாமளே எடை போடறோம், நாமளே கூட்டிப் பெருக்கறோம். அதான் விஷயம்." கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடுக்கு மாடியில முதல் ஆளா கையெழுத்துப் போட்டவன் நான். வேணும்னா கேட்டுப் பாருங்க. இந்த வாட்ச்மேன் சம்சாரங்கூட அதுல மெம்பரு. நாம வாங்கற அதே காய், அதே விலை, அதே வரிசை. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. அது கை கழுவிட்டு வந்துதான் நிக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில கீழ பார்ட்டி ஹால்ல தார்ப்பாய் விரிச்சு வைப்பாங்க. நரசீபுரம் பக்கமிருந்து மாராத்தாள்னு ஒரு பொம்பளை. குத்தகைத் தோட்டம். மருமகளும் அதுவுமா பாடுபடுது. மருந்தே அடிக்கறதில்லையாம். வெண்டை, கத்திரி, சொரக்கா, முருங்கை, கீரை எல்லாம் டிரேயில ஏத்தி ஆட்டோவுல அனுப்பிரும். வித்ததுக்கு மட்டும் காசு, மிஞ்சினது டிரேயோட திரும்பிப் போயிரும். அப்படித்தான் பேச்சு.

முதல் வாரமே எனக்குக் குமட்டிருச்சு. கத்திரிக்காயை நறுக்கினா உள்ள புழு நெளியுது. கொழுகொழுன்னு, ரோஸ் கலர்ல. சுலோச்சனா அந்தப் பக்கத்தைச் சீவி எறிஞ்சுட்டு மிச்சத்தைத் தாளிச்சுட்டா. எனக்குச் சோறு எறங்கல. ஆதிரைகிட்டச் சொன்னா அது சிரிக்குது. "புழு சாப்பிடுதுன்னா நாமளும் சாப்பிடலாம்னு அர்த்தம் அங்கிள்." எச்சிலுங்க அம்மிணி அது. புழுவோட எச்சில். அதுல என்ன நியாயம், என்ன நேர்மை?

சரி, இது சரிப்படாது, நாமளே எறங்கணும்னு எறங்கினேன். அவங்க வழக்கம், ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுக்காரங்க காயை எடுத்து அடுக்கணும். எனக்கென்ன வேலை, ஊட்டுல சும்மாதான இருக்கேன், எல்லா வாரமும் நானே அடுக்கறேன்னு சொன்னேன். கை தட்டினாங்க. ஆட்டோ வர்றதுக்கு முன்னாடியே போய் நிப்பேன். அடுக்கறதுன்னா கொட்டறதா? ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்து அடுக்கணும்.

வெண்டைக்காயை எப்படிப் பார்க்கறதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஆமா, நுனியை ஒடிக்கணும். டிக்குன்னு ஒடிஞ்சா இளசு. வளைஞ்சா முத்தல். எங்கப்பாவும் அப்படித்தான் வாங்குவாரு. நுனி ஒடிக்காம வெண்டைக்கா வாங்கறவன் கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு பார்க்கறவன். ஆனா கடையில நாலு காயை ஒடிக்கறதுக்குள்ள கடைக்காரன் கத்துவான். இங்க யாரு கத்தறது? நம்ம கூட்டுறவு. நாமதான் முதலாளி. அதனால ஒண்ணு விடாம ஒடிச்சேன். டிரே டிரேயா. மில்லுல பத்துல ஒண்ணு பார்த்தாப் போதும்பாங்க சில பேரு. அப்படிப் பார்த்துத்தான் கழிசலெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்துச்சு. நான் அப்படிப்பட்ட ஆளில்ல.

சொரக்காயை நகத்தால ஒரு அழுத்து. நகம் எறங்கினா எடுக்கலாம். முருங்கைக்காயை ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்கணும். தக்காளியைக் கட்டை விரலால அமுக்கணும். கீரைக்கட்டைப் பிரிச்சு உதறணும். சுலோச்சனா ஒரு நாள் கீழ வந்து பார்த்துட்டு, "காய் பார்க்கறீங்களா, கழுத்தைத் திருகறீங்களா?"ன்னு கேட்டா. அவளுக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டு மாமிங்களுக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். வரிசையில நிக்கற அத்தனை பேருக்கும். எல்லாரும் நல்லாப் பிடிச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நாள்லயே ஆளாளுக்கு ஒடிக்கவும், கீறவும், அமுக்கவுமா ஹாலே கலகலன்னு ஆயிருச்சு. எனக்குப் பார்க்கவே சந்தோசமா இருந்துச்சுங்க.

ஆனா காயைப் பாருங்க. அதுதான் கொடுமை. காலையில பச்சைப்பசேல்னு வந்த வெண்டைக்கா மத்தியானம் நுனி கறுத்துப் போகுது. மறுநாள் ஊட்டுல கூடையைத் தொறந்தா பிசுபிசுன்னு கையில ஒட்டுது. ஒரு நாத்தம் வேற. சொரக்காயைப் பார்த்தீங்கன்னா உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி தழும்பு, ஒவ்வொரு தழும்புலயும் பழுப்பா நீர் கோத்துக்கிட்டு. தொடவே கை கூசும். தக்காளி டிரேயில அடியில சாறு தேங்கி அதுல கொசு மொய்க்குது. வாட்ஸ்அப் குரூப்ல தினமும் யாராவது ஒருத்தர் படம் எடுத்துப் போடறாங்க. கறுத்த வெண்டைக்கா, அழுகின சொரக்கா. சாப்பிடறப்ப அதையெல்லாம் பார்க்க முடியுமா? போட்டுக்கிட்டே இருந்தாங்க.

நான் என்ன பண்ணினேன்? இன்னும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்க ஆரம்பிச்சேன். ஒரு தடவை ஒடிச்சதைத் தலைப்பக்கமும் ஒடிச்சுப் பார்த்தேன். அப்படியும் அழுகுது. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, சரக்குலதான் கோளாறுன்னு. நல்ல நூல் இழுத்தா தாங்கும். நல்ல காய் ஒடிச்சா தாங்கணுமில்ல? சோதனையைத் தாங்காத சரக்கு என்ன சரக்கு? எங்கூட்டுல கடையில வாங்கின வெண்டைக்காயை ஒடிச்சுக் கொண்டாந்து அன்னைக்கே பொரியல் பண்ணிருவோம். ஒண்ணும் ஆனதில்லையே.

அப்புறம் ஆதிரை ஒரு அட்டை எழுதி மாட்டுச்சு. "பொறுக்க வேண்டாம், வந்தபடி எடுத்துக்கொள்வோம்"னு. அம்மிணி, நீங்களே சொல்லுங்க, காசு கொடுத்து வாங்கற பொருளைத் தொடக்கூடாதாம். கோயில்ல பிரசாதம் வாங்கற மாதிரி கையை நீட்டிட்டு நிக்கணுமாம். நான் அந்த அட்டைக்குக் கீழதான் நின்னு அடுக்கினேன். என்னை அது ஒண்ணும் சொல்லல. ரெண்டு தடவை வாயைத் தொறந்துச்சு, நான் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கிச்சு. பெரியவங்கன்னு ஒரு மரியாதை இருக்குதில்ல.

காப்பி எடுத்துக்கோங்க. சர்க்கரை பத்துமா?

ஒரு ஞாயித்துக்கிழமை மாராத்தாளே வந்து நின்னுச்சு. டிரே பாதிக்கு மேல திரும்பிப் போகுதாம், என்னன்னு பார்க்கலாம்னு ஆட்டோவுலயே ஏறி வந்திருச்சு. ஒல்லியான பொம்பளை. கையெல்லாம் வெண்டைச் சொனை பட்டுச் செவந்து கிடக்குது. ஓரமா நின்னு நான் அடுக்கறதையே பார்த்துச்சு. சரி, கத்துக்கட்டும்னு நானும் நிதானமா ஒடிச்சுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கிட்ட வந்து, "ஏனுங்கய்யா, ஒரு காய் ரெண்டு காய் ஒடிச்சுப் பார்த்தாப் பத்தாதுங்களா? எல்லாம் ஒரே தோட்டந்தானுங்க. இன்னைக்கு விடியக்காலம் பறிச்சதுங்க"ன்னுச்சு.

"நீ சொல்றதை நான் எப்படிம்மா நம்பறது?"ன்னேன். தப்பா? மில்லுல எத்தனை சப்ளையரைப் பார்த்திருக்கேன்.

"நுனி போச்சுன்னா அது காயம்பட்ட மாதிரிங்க. நிக்காதுங்க."

"நல்ல காயின்னா நிக்கும்"னேன்.

அது அப்படியே கீழ குத்தவெச்சு, தார்ப்பாய்ல கிடந்த நுனியையெல்லாம் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிச்சு. ஒண்ணு விடாம. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க அம்மிணி. அத்தனை பேரு நடந்த தார்ப்பாய் அது. கால் தூசி, செருப்புத் தூசி. அதைப் போய்ப் பொறுக்குதே, ஆட்டுக்குப் போடவா, கொழம்புக்குப் போடவான்னு நினைச்சேன். இதுங்க கையிலிருந்தா நாம சாப்பிடற காய் வருதுன்னு அருவருப்பா இருந்துச்சு.

போறப்ப ஆதிரைகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. என்ற காதுலயும் விழுந்துச்சு. "உங்களை நம்பி மண்டிக்காரரைப் பகைச்சுக்கிட்டு வந்தனுங்க. இனிப் போனா அவரு சேர்க்க மாட்டாருங்க. இப்படியே டிரே திரும்புச்சுன்னா குத்தகைக்கு வழியில்ல, தோட்டத்தை விட்டுற வேண்டியதுதானுங்க." எல்லா சப்ளையரும் சொல்ற பாட்டுதான். சரக்கு சரியில்லைன்னா குடும்பக் கதையை எடுப்பாங்க. நான் இதெல்லாம் கேட்டு மசியற ஆளில்ல.

பொறவு கூட்டம் போட்டாங்க. எல்லா வீட்டுலயிருந்தும் வந்திருந்தாங்க. நான் ஒரு எவர்சில்வர் தட்டுல முந்தின வாரத்து வெண்டைக்காயைக் கொண்டு போய் நடுவுல வெச்சேன். கறுத்து, கொழகொழன்னு, பூஞ்சை பூத்து. பொம்பளைங்கெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. "இதைத்தான் நேர்மையான காய்னு நமக்குக் கொடுக்கறாங்க"ன்னேன். ஒருத்தர் எதுத்துப் பேசணுமே.

ஆதிரை மட்டும் எந்திரிச்சுது. முகமெல்லாம் செவந்து போச்சு. "இந்தக் காய் அழுகி வரலீங்க. நாமதான் அழுக வெச்சோம். வந்ததும் எத்தனை கை இதைக் கிள்ளுது, கீறுதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்தி சொல்லத் தயங்கினதுல மாராத்தாள் அக்கா பொழப்பு போகுது. யாராவது ஒருத்தர் வாயைத் தொறந்து சொல்லுங்களேன்."

அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தாங்க. நான் என்ன சொல்லப் போறேன்னு காத்திருந்தாங்க. அந்த மரியாதை இன்னைக்கும் எனக்கு இந்தக் குடியிருப்புல இருக்குது. லிப்ட்ல நான் ஏறினா பேசிக்கிட்டு இருக்கறவங்க பேச்சை நிறுத்திருவாங்கன்னா பார்த்துக்கோங்க.

நான் சொன்னேன், "கிள்ளினா அழுகற காயை வாங்காம இருக்கறதுதான் நமக்கு நல்லது." அவ்வளவுதான். குடியிருப்புச் சங்கத் தலைவரு தரையைப் பார்த்துக்கிட்டே, "ஒருத்தர் மனசு நோகாம முடிச்சுக்கலாம், காய் வர்ற எடத்தை மாத்திருவோம்"னாரு. எல்லாரும் சட்டுன்னு கையைத் தூக்கிட்டாங்க. மாராத்தாள் மனசை நெனைச்சுத்தான் அப்படிச் சொல்லியிருப்பாரு, நல்ல மனுசன். ஆதிரை துணிப்பையை எடுத்துக்கிட்டுப் போச்சு. அடுத்த மாசமே வீட்டையும் காலி பண்ணிருச்சு. அது காலி பண்ணின ஊட்டுக்கு எங்க எதுத்த ஊட்டுக்காரங்க மாறிப் போனாங்க, அதனாலதான் இப்ப நீங்க குடி வந்திருக்கற ஊடு உங்களுக்குக் கிடைச்சுது. எல்லாம் ஒரு வகையில நல்லதுக்குத்தான்.

இப்ப வர்றது கம்பெனிக் காய். உங்க நோட்டீஸ்ல இருக்கறது அதுதான். பேருதான் கூட்டுறவு. எல்லாம் பிளாஸ்டிக் பெட்டியில, மேல கண்ணாடித்தாள் சுத்தி, ஸ்டிக்கர் ஒட்டி வருது. வெலை கடையைவிடக் கூட. வாட்ச்மேன் சம்சாரம் நின்னுருச்சு. இன்னும் நாலஞ்சு வீடு நின்னுருச்சு. அது கெடக்குது. என்ற ஆத்திரம் வேற. வெண்டைக்கா எல்லாம் ஒரே நீளம், எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு இருக்குது. புழு கிடையாது. ஒரு எறும்புகூட மோந்து பார்க்காது. ஆனா ஒடிச்சுப் பார்க்க வழியில்லையே அம்மிணி. உள்ள என்ன எழவு இருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு நாள் பொறுக்காம தாளைக் கிழிச்சுட்டேன். கிழிச்ச பெட்டியெல்லாம் உங்க கணக்குலதான்னு என்ற தலையில கட்டிட்டாங்க. சுலோச்சனா என்னைக் காய் வாங்கக் கீழயே அனுப்பறதில்ல அன்னையிலிருந்து. எனக்கு மூட்டு வலியாம், படி எறங்கக் கூடாதாம். எனக்கு மூட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. லிப்ட் வேற இருக்குது.

அப்புறம் சங்கத்துல கேட்டாங்க, கம்பெனிக்காரங்க காய் அடைக்கற ஷெட்டைப் போய்ப் பார்த்துட்டு வர யாராவது போகணும்னு. வேற யாரு போவாங்க? நான்தான் போனேன். பொள்ளாச்சி ரோட்டுல பெரிய தகர ஷெட். உள்ள நொழைஞ்சதும் மருந்து நெடி மூக்குல ஏறுது. மேசை நீளத்துக்கும் பொம்பளைங்க, தலையில வலைத்தொப்பி, கையில பிளாஸ்டிக் உறை. பேசாம பொறுக்கிப் பொறுக்கிப் பெட்டியில வைக்கறாங்க. சுத்தம்னா சுத்தம், அதைக் குறை சொல்ல முடியாது.

அதுல ஒண்ணு தலையைத் தூக்கி, "ஐயா, சௌக்கியமுங்களா?"ன்னுச்சு. எனக்கு அடையாளமே தெரியல. மாராத்தாள்.

"நீ எங்கம்மா இங்க?"ன்னேன்.

"தோட்டத்தை விட்டாச்சுங்க. மருமக திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டாளுங்க. எனக்கு இங்க வேலை கொடுத்தாங்க." கோவமாச் சொல்லல. பஸ் எப்ப வரும்னு சொல்ற மாதிரிச் சொல்லுச்சு.  அது முன்னாடி டிரே நெறைய வெண்டைக்கா. கை தானா போயிருச்சுங்க. அங்கிருந்த சூப்பர்வைசர் பதறி ஓடி வந்தாரு, "சார், தொடாதீங்க, தொடாதீங்க"ன்னு.

மாராத்தாள் அவரைக் கையமர்த்துச்சு. "உடுங்க தம்பி, ஐயா பார்க்கட்டும்." அந்த டிரேயை அப்படியே என்ற முன்னாடி தள்ளுச்சு. "ஒடிச்சுப் பாருங்கய்யா. எத்தனை வேணும்னாலும் ஒடிங்க. இது என்ற தோட்டத்துக் காயில்லீங்க."

எல்லாரும் பார்க்கறாங்க. ஒடிக்காம வந்தா என்ன நெனைப்பாங்க? ஒடிச்சேன். டிக்குன்னு ஒடிஞ்சுது. இன்னொண்ணு ஒடிச்சேன். அதுவும் அப்படித்தான். முத்தல் ஒண்ணாவது சிக்கும், எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டலாம்னு பார்த்தேன், சிக்கவே இல்ல. அது டிரேயைச் சாயாம பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு, நான் ஒடிச்சு முடிக்கற வரைக்கும். என்ன திமிரு பாருங்க. வேலை கொடுத்த எடத்துல இப்படியா?

நல்ல காய்தானுங்க. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனா ஊட்டுக்கு வந்து சுலோச்சனாகிட்டச் சொன்னா, அவ அடுப்பை அணைச்சுட்டு உள்ள போய்ப் படுத்துக்கிட்டா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், எனக்கு வெண்டைக்காயைப் பார்த்தாலே வயித்தைப் பிரட்டுது. தட்டுல விழுந்தா எந்திரிச்சுருவேன். டாக்டர்கிட்டப் போனா வயித்துல ஒண்ணுமில்லைங்கறாரு.

நீங்க சேர்றதும் சேராததும் உங்க விருப்பம் அம்மிணி. பக்கத்து பக்கத்துல இருக்கோம், நாளைக்கு நீங்க ஒரு கொழம்பு வெப்பீங்க, நாங்க ஒரு பொரியல் பண்ணுவோம், கிண்ணம் போகும், கிண்ணம் வரும். வெண்டைக்கா மட்டும் எங்கூட்டுக்குக் கொடுத்தனுப்பிராதீங்க.